டோப்ரூக்குக்குச் சோடி

சோடி கிடைக்காத சொல் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது ஒன்பது வயதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சொற்களெல்லாம் இரண்டிரண்டாகத்தான் நடமாடின. பள்ளிக்கூடத்து வாத்தியார் அதை எதுகை என்பார். அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவள் சோடி என்பாள். உழவு மாட்டுக்குச் சோடி பார்ப்பதுபோல, இந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைப் பூட்டினால் வண்டி குலுங்காமல் ஓடும் என்பது அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பசிச்சா வாய்க்குக் கை போகுதுல்ல, அது மாதிரித்தேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

பெற்ற பாசத்தில் அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அம்மாவிடம் குறை சொல்ல எனக்கு ஆயிரம் உண்டு. தலை பின்னினால் மண்டைத்தோல் கையோடு வந்துவிடும். குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டு, எங்களை நாக்குச் செத்த கூட்டம் என்பாள். ஆனால் சோடி கட்டுவதில் அவளுக்கு எதிரே நிற்கக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. இதை அவள் மகளாகச் சொல்லவில்லை. அவளிடம் அடி வாங்கியவளாகச் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரே தம்பி, என் மாமா. தாய் தகப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது சீர்வரிசையில் பித்தளை அண்டாவோடு ஒரு மச்சினனும் வந்தான் என்று அய்யா கேலி பேசுவார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். மாமாவை வளர்த்து ஆளாக்கி, கல்யாணம் முடித்து, பக்கத்து வீட்டிலேயே குடிவைத்தவள் அம்மா. ஆற்றங்கரை ஓரமாக எங்களுக்குக் கொஞ்சம் மாமரங்கள் இருந்தன. காய்ப்புக் காலத்தில் மாமா வண்டி கட்டிக் கூடலூருக்குக் காய் கொண்டுபோவார். திரும்பும்போது வண்டி காலியாக இருக்கும், வாய் நிறையப் புதுச் சொல் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடமும் லாரிக்காரர்களிடமும் பொறுக்கியது. வண்டியை அவிழ்த்ததும் முதல் வேலை, அக்காள் முன்னால் ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாட்டிக்கொண்டாளா என்று பார்ப்பது.

ஒருநாள், "அக்கா, போட்டோ" என்றார்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"போட்டோப் புடிச்சுப் பாத்தாலும் எந்தம்பி
கோட்டான் போலத்தேன் இருப்பான்."

கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை, மாமாவின் பெண்டாட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதமோ என்னவோ. பதினெட்டுப் பத்தொன்பது வயது இருக்கும். புருஷன் கோட்டானாக ஆனதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் இது விளையாட்டு. வெளியில் இதுவே அம்மாவின் மரியாதை. எங்கள் தெருவில் ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்கள் ஏராளம்; ஆனால் அவர்கள் பாடுவதெல்லாம் காதுவழி வந்த பழைய பாட்டு. தங்கரதம், முத்துப்பல்லக்கு என்று எல்லாச் சாவுக்கும் ஒரே அலங்காரம். செத்தவன் எப்படி வாழ்ந்தான், எதனால் செத்தான் என்று அவனுக்கென்றே புதிதாகக் கட்டுகிறவள் அம்மா ஒருத்திதான். செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளை லாரி மோதிச் செத்தபோது, லாரியை எப்படி ஒப்பாரிக்குள் ஏற்றுவது என்று எல்லோரும் முழித்தார்கள். அம்மா போய் உட்கார்ந்தாள்.

"லாரி இடிச்ச சேதி கேட்டு நான்
வாரி முடிக்க மறந்து வந்தேன்."

அவிழ்ந்த கூந்தலோடு அந்த வரியைச் சொல்லி அவள் நெஞ்சில் அறைந்தபோது கூட்டம் முழுவதும் ஒருமுறை மூச்சைப் பிடித்து, பிறகு ஓவென்று உடைந்தது. நான் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். பாட்டு அவள் முதுகெலும்பு வழியாக என் கன்னத்தில் அதிர்ந்தது. லாரி என்கிற எண்ணெய் வாடை அடிக்கிற ஒரு சொல், வாரி முடிக்கிற கூந்தலோடு சேர்ந்ததும் எப்படி அழ வைக்கிற சொல்லாக மாறியது என்று எனக்குப் புரியவில்லை. சாவு வீட்டில் பெருமைப்படுவது பாவம் என்பார்கள். நான் பட்டேன். சாமி கும்பிடப் போகிற இடத்தில்கூட எனக்கு அப்படிப் புல்லரித்தது கிடையாது.

யுத்தம் வந்தது. மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாங்காய் வண்டி ஓட்டி அலுத்துப்போன மாமா ஒருநாள் போய்ச் சேர்ந்துகொண்டார். அம்மா மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். அப்புறம் ஒன்றரை வருஷம் கடுதாசிகள் வந்தன. கடைசியில் இங்கிலீஷில் அடித்த ஒரு காகிதம் வந்தது.

வாத்தியார்தான் வந்து வாசித்தார். ஆப்பிரிக்காக் கண்டத்தில் கடலோரத்தில் ஒரு மணல்காட்டு ஊர். அங்கே மாமா இறந்துவிட்டார். ஊரின் பெயர் டோப்ரூக். வாத்தியார் அதை இரண்டு தரம் சொன்னார். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அத்தையும் அழவில்லை. அவள் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெளியூரில் செத்து, உடம்பும் வந்து சேராதவர்களுக்கு எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. அவர் உடுத்திய வேட்டி சட்டையை ஒரு மணைப்பலகையில் மடித்து வைப்பார்கள். உடன்பிறந்தவள் அதன் முன்னால் உட்கார்ந்து, அவர் உயிர் விட்ட ஊரின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து அவரைப் பாட்டால் கூப்பிட வேண்டும். அந்த ஊர்ப்பெயர் பாட்டில் சோடியோடு அமைய வேண்டும். ஒற்றையாக நின்றால் கூப்பிட்டது காதில் விழாது, உயிர் வழி தெரியாமல் அங்கேயே நிற்கும் என்பது நம்பிக்கை. கூப்பிட்டு முடித்த பிறகுதான் கருமாதி, மற்ற எதுவும். உடன்பிறந்தவளைத் தவிர வேறு யாரும் கூப்பிடக்கூடாது. கண்டித் தோட்டத்தில் செத்துப்போன ஒருவருக்கு அவருடைய தங்கை பாட வராமல் தவித்தபோது, 'கண்டி'க்கு 'வண்டி' என்று அம்மாதான் காதோடு எடுத்துக்கொடுத்தாள்.

ஆகவே காகிதம் வந்த எட்டாம் நாள் தெருப்பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். மாமாவின் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் பலகையில் இருந்தன. அம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். "சோடி அமையல" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"என்னத்தா சொல்லுற?" என்றாள் பெரியம்மா, அய்யாவின் அண்ணன் பெண்டாட்டி.

"டாவன்னாவுல தொடங்குற ஊரு. நம்ம பேச்சுல டாவன்னாவுக்கு என்ன இருக்கு? டமாரமும் டம்பமும் இருக்கு. அத வச்சா எந்தம்பியக் கூப்புட? ஒத்தச் சொல்லா எறிஞ்சா அவன் காதுல விழாது. இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் கூடினார்கள். மறுபடியும் சோடி அமையவில்லை. வைகாசி போய் ஆனி பிறந்தது.

பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார். "ஊர்ல என்னமாப் பேசுறாக தெரியுமா? செத்தவன் பொண்டாட்டி பூவும் பொட்டுமாத் திரியிறா, கேக்க ஆளில்லையான்னு கேக்குறாக. ஆடி பொறந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்குள்ள முடிச்சு விடுங்க."

அம்மா கட்டின பூவில் ஒரு முழம் கிள்ளி, வழக்கம்போல அத்தையிடம் கொடுத்துவரச் சொல்லி என் கையில் தந்தாள்.

எனக்குப் பெரியப்பா கத்தியது உறைக்கவில்லை. அவர் எதற்கும் கத்துவார். வாய்க்காலில் துணி அலசும்போது ஒருத்தி சொன்னதுதான் உறைத்தது. என் வயசுக்காரி, என் எதிரி. "உங்கம்மாவுக்குப் பாட்டு வத்திப்போச்சாமே" என்றாள். நான் ஈரத்துணியால் அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் என் மயிரைப் பிடித்தாள். இரண்டு பேரையும் பிரித்துவிட்டார்கள். ஆனால் அந்த வார்த்தை என்னை விட்டுப் பிரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மா சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள். வத்தித்தான் போய்விட்டதோ என்று பயந்தேன். லாரியையே அழ வைத்தவள், ஒரு மணல்காட்டு ஊரிடம் தோற்பதா? அந்தச் சோடியை நான் கண்டுபிடித்துக் கொடுத்து அம்மா மானத்தைக் காப்பாற்றுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் டோப்ரூக்கோடு பூட்டிப் பார்த்தேன். டோப்ரூக், டவுன், டப்பா, டிக்கட்டு. ஒன்றும் ஒப்பாரிக்கு ஆகவில்லை. சாயங்காலங்களில் அத்தை வீட்டுக்குப் பூ கொண்டுபோகும்போது அவள் தினமும் ஒரே கேள்வி கேட்பாள்.

"மதினிக்குச் சோடி கெடச்சிருச்சா தாயி?"

"இல்ல அத்தை. நாந்தேன் தேடிக்கிட்டிருக்கேன்."

"மெதுவாத் தேடு. என்ன அவசரம்?"

என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான் என்று நினைத்தேன். எவ்வளவு கஷ்டமான சொல் என்று அவளுக்காவது தெரிகிறதே.

கடைசியில் வாத்தியாரிடம் போனேன். பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போன பிறகு மேசை ஓரமாக நின்று, "வாத்தியாரய்யா, டோப்ரூக்குக்கு எதுகை என்ன?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் மொத எழுத்தப் புடிச்சுத் தொங்குறீகளா? எதுகைக்கு மொத எழுத்து வேண்டியதில்ல. ரெண்டாவது எழுத்தப் பாரு. 'ப்'. மொத எழுத்து நீண்டு ஒலிக்குதுல்ல, அதுபோலச் சோடிச் சொல்லும் நீண்டு தொடங்கணும். அம்புட்டுத்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஏம்மா, உங்கம்மாவுக்கு இது தெரியாமலா இருக்கும்?"

அம்மாவைக் குத்திக்காட்டுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியல. நீ போயி வாய்ப்பாட்டப் படி" என்று சொல்லிவிட்டார். வாத்தியாருக்கும் தெரியாத சொல் என்றதும் எனக்கு அதன்மேல் மரியாதை கூடிப்போனது.

ஆனால் வழி கிடைத்துவிட்டது. முதல் எழுத்து நெடில், இரண்டாவது 'ப்'. மறுநாள் மத்தியானம் அய்யாவுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். ஆனிக் காற்று மலைக்கணவாயிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கையே உருட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. பாவாடையையும் கஞ்சிக் கலயத்தையும் ஒரே சமயத்தில் பிடிக்கக் கை போதவில்லை. தூரத்தில் அய்யா யாரோ மாடு மேய்க்கிறவனை விரட்டும் குரல் காற்றில் அடித்துக்கொண்டு வந்தது.

"ஏலே, தோப்புக்குள்ள மாட்ட விடாதடா."

நான் நின்றுவிட்டேன்.

தோப்புக்கு. டோப்ரூக்குக்கு. தோப்புக்கு.

ஒருநாளைக்குப் பத்துத் தடவை எங்கள் வீட்டில் புழங்குகிற சொல். மாமா வளர்ந்து, மரம் ஏறி விழுந்த இடம். உடம்பெல்லாம் நடுங்கியது. சொல் எங்கேயோ ஒளிந்திருக்கவில்லை. கால் வைத்து நின்றுகொண்டிருந்த மண்ணே அந்தச் சொல்லாக இருந்தது. அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருக்குமோ, இந்த நடுக்கத்தை வைத்துக்கொண்டா இவள் குழம்பு வைக்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் உப்பு மறந்ததையெல்லாம் மன்னித்தேன்.

அம்மாவிடம் ஓடிப்போய் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாலு சுவருக்குள் சொன்னால் அம்மாவின் மானம் எப்படித் திரும்பும்? வத்திப்போச்சு என்று பேசியவர்கள் அத்தனை பேரும் கூடியிருக்கும்போது சொல்ல வேண்டும். அந்தச் சாமர்த்தியம் ஒன்பது வயதில் எனக்கு இருந்தது.

ஆனி முடிய நான்கு நாள் இருக்கும்போது பெரியப்பா மறுபடியும் எல்லோரையும் கூட்டினார். இந்தத் தடவை ஆண்களும் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பலகையில் வேட்டி சட்டை. அத்தை நடையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் முந்தின நாள் பூ. அம்மா முன்னால் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"அமையலையே" என்றாள். "நான் என்ன செய்ய? ஆடி கழியட்டும். ஆவணியில பாப்பம்."

வாசலில் பெரியப்பா செருமினார். பெண்கள் புடவையை உதறிக்கொண்டு எழப் போனார்கள். என் எதிரியும் அவள் அம்மாவோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எழுந்து நின்று, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "அம்மா, தோப்பு."

எழப்போன பெண்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

"டோப்ரூக்குக்குத் தோப்பு. அமையுதுல்ல? நானாக் கண்டுபிடிச்சேன்."

அட என்றோ, பார்றா என்றோ யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தியும் சொல்லவில்லை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகு நின்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு தூணருகே நின்றவளைப் பார்த்தாள். பெரியம்மா மெதுவாக, "அதான் அமைஞ்சிருச்சே, பாடு ஆத்தா" என்றாள்.

அம்மா முடியை அவிழ்த்துவிட்டாள். பாடினாள்.

"டோப்ரூக்குச் சீமையில எந்
தோப்புக்கிளி தனிச்சிருக்கோ
காப்புக் கையி ரெண்டெடுத்துக்
கூப்பிடுறேன் கேக்கலயோ
மாப்பிளையா நின்ன மகன்
கேப்பாரத்துக் கெடந்தானோ."

நிற்கவே இல்லை. மாடத்தில் மாமா விட்டுப்போன சீப்பு வந்தது. பீடிக்கு வாங்கி வைத்த தீப்பெட்டி வந்தது. அவர் பல் துலக்கின வேப்பங்குச்சி வந்தது. சாப்பாடு வந்தது, அவருக்கு வராமலே போன மூப்பு வந்தது. மாமா தொட்டதும் புழங்கினதுமான ஒவ்வொரு சாமானும் அந்தத் தெரியாத ஊருக்குச் சோடியாக வந்து நின்றது. எங்கோ கடலுக்கு அப்பால் இருந்த மணல்காடு, பேர் சொல்ல வாய் வராத அந்த ஊர், வரி வரியாக எங்கள் வீட்டுக்குள் வந்து எங்கள் ஊராகவே ஆகிவிட்டது. அப்படி ஒரு பாட்டை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வாசலில் ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நான் அழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நான் ஒரு சொல்தானே கொடுத்தேன், அணைக்கட்டில் ஒரு கல்லை உருவினதுபோல இவ்வளவு கொட்டுகிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடையில் அத்தை தூணோடு சரிந்து உட்கார்ந்ததை அரைக்கண்ணால் பார்த்தேன். எல்லோரும்தான் அழுகிறார்கள், அவளும் அழுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா கொல்லையில் முகம் கழுவினாள். நான் சொம்பை நீட்டினேன்.

"ஆரு சொல்லிக் குடுத்தது?"

"ஆரும் சொல்லல. நானாத்தேன்."

அவள் என் தலையில் ஈரக்கையை வைத்தாள். "ஒனக்கும் வந்துருச்சா" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தது உண்மைதான். எனக்கும் வந்தது. நானும் எத்தனையோ சாவு வீட்டில் உட்கார்ந்து பாடிவிட்டேன். அப்படிப் பாடப் பாடத்தான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. ஒரு சொல்லுக்கு ஒரு சோடி பளிச்சென்று வரும். இரண்டாவது, முக்கினால் வரும். பத்துச் சோடி ஒன்றன்பின் ஒன்றாக, அதுவும் செத்தவன் புழங்கின சாமானாகவே பார்த்து, எவளுக்கும் உட்கார்ந்த இடத்தில் வராது. நாள்கணக்கில் மனசில் போட்டு அரைத்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தால்தான் வரும். அம்மாவிடம் அந்தப் பாட்டு முழுசாக இருந்திருக்கிறது. வாத்தியார் அந்த ஊர்ப்பெயரை இரண்டாம் தரம் சொல்லி முடிக்கும்போதே முதல் சோடி வந்திருக்கும். வைகாசியும் ஆனியும் அதை வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தாள். யோசித்துப் பார்த்தால், அந்த நாட்களில் அவள் தோப்பு என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. "அங்கன போயிட்டு வாறேன்" என்பாள். "அய்யாவுக்கு அங்கன கஞ்சி கொண்டு போ" என்பாள். அன்றைக்குக் கூடியிருந்த பெண்களில் இன்னும் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்ததோ, எத்தனை பேர் தெரியாததுபோல வந்து உட்கார்ந்து எழுந்து போனார்களோ, அதுவும் எனக்குத் தெரியாது. காகிதம் பொய்யில்லை; மாமா வரவே இல்லை. இருந்தாலும் ஆடி கழிந்து ஆவணிவரை, அதற்கப்புறம் இன்னொரு சாக்குச் சொல்லி ஐப்பசிவரை அம்மா இழுத்திருப்பாள். பாட்டில் தோற்றவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு அவள் ஒருத்தியின் கழுத்துத் தாலியைக் காத்துக்கொண்டிருந்தாள். நான் அவளை ஜெயிக்க வைத்துவிட்டேன்.

அப்போது இதெல்லாம் எங்கே தெரிந்தது? மூன்றாம் நாள் கருமாதி. அத்தையின் அண்ணன்மார் வெள்ளைக் கோடிச்சேலை கொண்டுவந்தார்கள். சின்னப்பிள்ளைகளை உள்ளே விடவில்லை. எங்களுக்கு வடையும் அப்பமும் கொடுத்து வாசலில் உட்கார வைத்தார்கள். நான் அப்பத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வந்தவர் போனவர் எல்லோரிடமும் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் எதிரி தன் வடையில் பாதியைக் கொடுத்தாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு, இன்னும் ஒரு ஆளிடம் சொல்லவில்லையே என்று ஞாபகம் வந்தது. அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக, யாரோ வேற்றாள் மாதிரி இருந்தாள். நான் அருகில் போய் நின்றேன்.

"அத்தை, நீங்க தெனமும் கேப்பீகளே. சோடி கெடச்சிருச்சு. அம்மா இல்ல, நாந்தேன் கண்டுபிடிச்சேன்."

அவள் திரும்பினாள். என்னை இழுத்து மடியில் உட்கார வைத்து, என் வாயோரத்தில் ஒட்டியிருந்த அப்பத் துணுக்கைத் துடைத்துவிட்டாள்.

"கெட்டிக்காரி" என்றாள்.

அதையும் வாங்கிக்கொண்டு நான் தெருவுக்கு ஓடினேன்.